பாடு நாள் தும்மல்

படகில் வலது காலை வைத்ததும் திருவேங்கடத்துக்குத் தும்மல் வந்தது. ஒன்றே ஒன்று. இரண்டாவதும் வந்திருந்தால் பிழைத்திருப்பார். ஒற்றைத் தும்மலுக்குக் குப்பத்தில் மன்னிப்பு கிடையாது.

சிங்காரம் கோலைக் கீழே போட்டார். "போச்சு மச்சான். இன்னிக்கு ஏரியில எறங்கக் கூடாது."

சிங்காரம் திருவேங்கடத்தின் மனைவிக்கு அண்ணன், படகில் பாதிப் பங்காளி. அவரில்லாமல் வலை போகாது. அன்று அவர்கள் பாடு. பழவேற்காடு ஏரியில் இறால் ஓடுகிற இடத்தில் ஆளுக்கொரு நாள் முறை, அதுதான் பாடு. விட்டால் அடுத்தது பதினாறு நாள் கழித்து. இதோடு இரண்டு பாடு தும்மலில் போய்விட்டது.

சிங்காரமும் சும்மா இருக்கவில்லை. புதுப்படகுக்குக் கண் படும் என்று பாடு நாளில் சாம்பிராணி போடுவது அவர்தான். முதல் தும்மலுக்குப் பிறகு ஒரு பிடியை இரண்டாக்கியவர், இனிமேல் சட்டி நிறைய என்று முடிவு செய்தார்.

திருவேங்கடம் பொன்னேரிக்கு பஸ் ஏறினார். டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வாத ஏதோ மூக்கில் நுழைகிறது. உடம்பு அதை எதிரி என்று நினைத்து ஹிஸ்டமினைக் கிளப்பிவிடுகிறது. உள்சதை வீங்கித் தும்மல் வருகிறது. மாத்திரை ஹிஸ்டமினைத் தடுக்கும். ஸ்பிரே வீக்கத்தைக் குறைக்கும், ஆனால் தினமும் அடித்தால்தான். புகை, தூசு உண்டா என்று கேட்டார். வீட்டில் கேஸ் அடுப்புதான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார் மனுஷன்.

பாடில்லாத நாளில் வலையே வீட்டில் கிடக்கிறது, மருந்து மட்டும் எதற்கு என்று தோன்றியது அவருக்கு. ஸ்பிரே அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. பாடு நாள் காலையில் இரண்டு மாத்திரையை விழுங்கி, மூக்கில் ஆறு முறை அடித்துக்கொண்டார். சட்டிச் சாம்பிராணி கமகமத்தது. தும்மலும் வந்தது, கூடவே தூக்கமும் வந்தது. வலை மேல் சாய்ந்தவரை மனைவி நாகம்மாள் தண்ணீர் தெளித்து எழுப்பியபோது வெயில் ஏறியிருந்தது.

"அடுத்த பாடும் போச்சுனா முறையிலேருந்து நம்ம பேரையே எடுத்துடுவாங்களாம்யா," என்று அழுதாள்.

மறுபடி பொன்னேரி. இந்த முறை சிங்காரமும் வந்தார். கடைத்தெருவில் வேலை இருக்கிறது என்று வழியில் இறங்கிக்கொண்டார். டாக்டர் அறைக்கு வெளியே திருவேங்கடம் அரை மணி நேரம் சாதுவாக உட்கார்ந்திருந்தார். சிங்காரம் ஒரு பெரிய பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உடனே திருவேங்கடத்துக்கு ஒரு தும்மல்.

"பாத்தீங்களாம்மா, இங்கயும் ஒத்தத் தும்மல்," என்று நர்ஸ் கலைவாணியிடம் முறையிட்டார் சிங்காரம். "அதான் அடுத்த பாட்டுக்கு ரெண்டு கிலோ சாம்பிராணி வாங்கிக்கினு வந்தேன்."

கலைவாணி எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அண்ணே, மொதல்ல அந்தப் பையை வெளிய வெச்சிட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் இவரு ஒரு தும்மல்கூட தும்மல."