மிளகாய்க்கு ஒரு கட்டம் காலி

புரூஃப் சார் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கே பத்திரிகையின் குறுக்கெழுத்தை முடித்துவிட்டார். முடித்த கையோடு, அடுத்த ஞாயிறுவரை அதை முடிப்பதில்லை என்று உறுதியும் எடுத்துக்கொண்டார்.

இது என்ன கூத்து என்று கேட்டால், விஷயம் பரணில் இருக்கிறது.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பேரே தெரியாது. பிழை என்றால் மனிதருக்கு ஆகாது. ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், டாக்டரைக் கையமர்த்திவிட்டு எழுந்துபோய், சுவரிலிருந்த அறிவிப்பில் விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிவந்து படுத்தார். வாயிலிருந்த இடுக்கியும் கூடவே போய்விட்டு வந்தது. கல்யாணமான புதிதில் மனைவி தாய்வீட்டிலிருந்து எழுதிய முதல் கடிதத்தைப் பதினாறு இடத்தில் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினார். அப்புறம் அவள் அவருக்குக் கடிதமே எழுதியதில்லை. அந்தச் சிவப்பு மையை மறந்ததும் இல்லை.

இனி பரண். அது நிறையப் பழைய பத்திரிகைக் கட்டுகள். ஒவ்வொன்றிலும் அவர் கண்டுபிடித்த பிழைகளைச் சிவப்பில் சுழித்து, வருஷவாரியாகக் கயிறு போட்டு வைத்திருந்தார். அத்தனைக்கும் அடியில் எங்கோ மூச்சுவிட முடியாமல் கிடந்தது மனைவியின் தையல் மிஷின். அவளுக்குக் கை நமநமத்தது. எதிர்வீட்டு நர்ஸம்மா முதல் நாலு பேர் துணியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மிஷின் இறங்க வேண்டுமென்றால் முதலில் கட்டுகள் இறங்க வேண்டும். அது போகட்டும். தைக்க வெளிச்சம் வேண்டும். அந்த வீட்டில் வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் அடியில் புரூஃப் சாரின் சாய்வு நாற்காலி. மிஷின் இறங்கினால் நாற்காலி நகரும். நாற்காலி நகர்ந்தால் ராஜ்யம் போச்சு.

எனவே ஏழு மாதத்துக்கு முன் ஒரு நாள் இப்படி ஓர் ஒப்பந்தம் நடந்தது.

"ஏங்க, பரண் எப்ப?"

"கையில குறுக்கெழுத்து இருக்கு, பாக்கலியா? எடுத்த வேலையைப் பாதியில விட்டுட்டு அடுத்ததுக்குப் போற வழக்கம் எனக்குக் கிடையாது."

"அப்ப இது முடிஞ்சதும் ஏறுவீங்களா?"

"கடைசிக் கட்டம் நிறைஞ்ச நிமிஷமே ஏறுவேன். வாக்குன்னா வாக்கு."

"சரி," என்றாள்.

அவள் அவ்வளவு சுலபமாகச் 'சரி' சொன்னதை அவர் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் இதே தப்பை நூறு தடவை செய்தாகிவிட்டது. உலகத்துப் பிழையெல்லாம் படுகிற கண்ணில் இந்த ஒன்று மட்டும் படுவதே இல்லை.

ஒப்பந்தத்தின் நுணுக்கம் இதுதான். ஒரு குறிப்பை மட்டும் நிரப்பாமல் வைத்துக்கொண்டால் அந்த வாரம் முழுக்க வேலை 'நடந்துகொண்டிருக்கிறது'. அடுத்த ஞாயிறு புதுக் குறுக்கெழுத்து வந்துவிடும். புதுசு வந்துவிட்டால் பழசுக்கு மதிப்பேது?

யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அந்தக் குறுக்கெழுத்து அப்படிப்பட்டது. இடப்பக்கம் கைகாட்டிவிட்டு வலப்பக்கம் திரும்புகிற வண்டி மாதிரி, ஒவ்வொரு குறிப்பும் ஒன்றைச் சொல்லும், வேறொன்றை நினைக்கும். 'பாதி வில்லைத் தோலோடு கட்டிப் போருக்குப் போனவன் பெற்றது' என்று கேட்பான், அதைத் தயாரிக்கிறவன். வில்லில் பாதி 'வி'. தோலோடு சேர்த்தால் 'தோல்வி'. விடையைவிட விளக்கத்தில்தான் புரூஃப் சாருக்கு உயிர். தினமும் சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி, கீழே வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் ஒவ்வொன்றாக விளக்குவார். வாட்ச்காரர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு, குண்டூசித் தலையளவு திருகாணியைச் சாமணத்தில் பிடித்தபடி, "அடேயப்பா" என்பார். திருகாணியைப் பார்த்துச் சொன்னாரா, விளக்கத்தைக் கேட்டுச் சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

அந்த வாரம் புரூஃப் சார் பாக்கி வைத்தது பதினேழாம் எண், இடமிருந்து வலம், ஐந்து எழுத்து. 'கடித்தால் உறைக்கும்; கால் இல்லாமல் ஓடும்.' நடுக்கட்டத்தில் 'கா' ஏற்கனவே விழுந்திருந்தது. விடையைப் பென்சிலால் எழுதிப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, திருப்தியோடு ரப்பரால் அழித்தார். எழுதிப் பார்க்காமல் விட அவரால் முடியாது. அது தொழில் தர்மம்.

மனைவி பெருக்க வந்தாள். வாராவாரம் போல நாற்காலிக்கு அடியில் ரப்பர் தூள். வாராவாரம் போல ஒன்றும் சொல்லாமல் பெருக்கிக்கொண்டு போனாள். மடித்து வைத்திருந்த பத்திரிகையைத் தூசி தட்டுகிற சாக்கில் அழித்த கட்டங்களில் ஜன்னல் வெளிச்சம் படும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடித்ததை அவர் கவனிக்கவில்லை. கண்ணை மூடி அரைத் தூக்கத்தில் இருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் வழக்கத்துக்கு மாறாக வாட்ச்காரரே படியேறி வந்தார். கக்கத்தில் பத்திரிகை. முகத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவன் களை.

"அண்ணே, பதினேழு உங்களுக்கு இன்னும் வரலேன்னு அண்ணி சொன்னாங்க. எனக்கு வந்துடுச்சு."

புரூஃப் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி சமையலறை வாசலில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"என்ன விடை?"

"மிளகாய்."

"மிளகாயா?"

"கடிச்சா உறைக்குமில்ல? நடுவுல 'கா' கூடச் சரியா விழுது பாருங்க."

"தம்பி, மிளகாய் நாலு எழுத்து. கட்டம் அஞ்சு."

"அங்கதாண்ணே வித்தை. கடிச்சவன் தண்ணிக்கு ஓடிட்டான். அதான் கடைசிக் கட்டம் காலி."

புரூஃப் சாருக்குக் காதுமடல் சூடாயிற்று. இருந்தாலும் சமாளித்தார். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை வாயிலிருந்து நழுவினால் பரண். எனவே கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே போகிற சைக்கிளைப் பார்த்தார். "இருக்கலாம்," என்றார். அந்த 'இருக்கலாம்' அவர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"அப்ப 'கால் இல்லாமல்'னு வருதே, அதுக்கு என்ன அர்த்தம் தம்பி?" என்று வெண்டைக்காயைப் பார்த்துக் கேட்டாள் மனைவி.

"செருப்பை மாட்டக்கூட நேரமில்லாம ஓடினான்னு அர்த்தம் அண்ணி."

"நல்லாப் பொருந்துது," என்றாள் அவள்.

புரூஃப் சார் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணுக்குள் காலியான கட்டம் ஒன்று, பிடுங்கின பல்லின் ஓட்டை மாதிரித் தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினார். நாற்காலியை நினைத்தார். வெளிச்சத்தை நினைத்தார். ஐம்பதுவரை போய்விட்டார். மனிதர் தப்பித்தார் என்றுதான் நானும் நினைத்தேன்.

வாட்ச்காரர் எழுந்தார். போகிற போக்கில் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "கடைக் கண்ணாடியில எழுதி ஒட்டிடறேண்ணே, போறவங்க வர்றவங்க படிக்கட்டும். கீழே 'விளக்கம்: புரூஃப் சார்'னு உங்க பேரையே போட்டுடறேன். உங்ககிட்டதானே கத்துக்கிட்டேன்."

அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் ஒரே குதியில் நாற்காலியை விட்டு எழுந்தது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா தானாக வந்தது. தன் பத்திரிகையை விரித்து, பதினேழாம் எண்ணைக் குத்திக் காட்டினார்.

"கடித்தால்னா 'கடி'. உறைக்கிறது எது? காரம். ரெண்டையும் சேரு. கடிகாரம்! க, டி, கா, ர, ம். அஞ்சு எழுத்து. கால் இல்லாம ஓடுறது எது? கடிகாரம்தானே ஓடும்? தண்ணிக்கு ஓடினானாம், செருப்பை விட்டுட்டு ஓடினானாம்! காலிக் கட்டம்னு குறுக்கெழுத்து உலகத்துலயே கிடையாதுய்யா!"

சொல்லிக்கொண்டே பாக்கி நாலு கட்டத்திலும் சிவப்பு மையால் எழுதி, கடைசி எழுத்தின் மேல் புள்ளியையும் வைத்தார். சிவப்பு மையை ரப்பர் அழிக்காது.

மனைவி அரிவாள்மணையை மடக்கினாள்.

"முடிஞ்சுதாங்க?"

அவர் பத்திரிகையைப் பார்த்தார். எங்கும் ஒரு காலிக் கட்டம் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். கதவுக்குப் பின்னால், என்றைக்கும் இல்லாமல், ஏணி துடைத்துச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

மூன்று நாளாயிற்று. வாட்ச்காரர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, கட்டுகள் வருஷவாரியாக இறங்கின. நாற்காலி மாடிப்படிக்குக் கீழே, வாட்ச் கடை வாசலுக்கு இடம் மாறியது. ஜன்னலடியில் மிஷின் உட்கார்ந்தது. அதைத் துடைத்து எண்ணெய் விட்டு, முதல் வேலையாக நர்ஸம்மாவின் துணியை எடுத்துவைத்தாள் மனைவி.

ஞாயிறு காலை புரூஃப் சார் கடை வாசலில் உட்கார்ந்து புதுக் குறுக்கெழுத்தைப் பிரித்தார். மாடியிலிருந்து தடதடவென்று தையல் சத்தம். மனம் ஆறவில்லை. வாட்ச்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கடிகாரத்துக்குள்ளயே தலையை விட்டுக்கிட்டு இருக்கிற ஆளு. அந்தச் சின்ன விடை எப்படிய்யா உன் கண்ணுல படாமப் போச்சு?"

வாட்ச்காரர் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றித் துணியால் துடைத்தார்.

"கடிகாரம் எனக்கு ஞாயித்துக்கிழமையே வந்துடுச்சு அண்ணே. மிளகாய்தான் வரவே இல்லை. அதை அண்ணி மூணு நாள் உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க."