மடிக்கு ஆகாத கேஸ்

உயிரே போனாலும் வீட்டுக்குள் கேஸ் குழாயை விடுவதில்லை என்று மாதுங்கா சுந்தரராமன் ஒரு திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே சபதம் செய்தார். வாய் நிறையப் பல்பொடி இருந்ததால் சபதம் யார் காதிலும் விழவில்லை.

யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் மண்ணெண்ணெய்க்கு ரேஷன் போகவில்லை. கட்டடத்தில் ஒவ்வொரு வீடாகக் கேஸுக்கு மாறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி பாகீரதியும் விண்ணப்பப் பாரம் வாங்கி வந்து, அவர் க்ஷவரக் கண்ணாடிக்கு அடியில் கண்ணில் படும்படி வைத்துவிட்டாள்.

சுந்தரராமனுக்குக் கேஸ்மேல் ஒரு விரோதமும் இல்லை. சிகடி என்கிற இரும்பு அடுப்பில் கரியைப் போட்டு ஊதிச் சமைத்து முடிக்கப் பாகீரதிக்கு ராத்திரி எட்டரை மணி ஆகும். அதுவரை அவரை யாரும் தேடமாட்டார்கள். ஆபீஸ் விட்டு வந்ததும் மாடியில் அனந்தகிருஷ்ணன் வீட்டில் சீட்டாட்டம். அனந்தகிருஷ்ணன், அவர் மனைவி ருக்கு, மைத்துனன் நாணு. நாலாவது கை இவர். கேஸ் வந்தால் அரைமணியில் சமையல் முடிந்துவிடும். அப்புறம் பாகீரதி பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, காட்கோபர் அத்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்பாள். அந்த அத்தைக்குக் கரிப்புகையே மேல்.

"ஏன்னா, பாரத்துல கையெழுத்துப் போட்டாச்சா?"

"கேஸ் மடிக்கு ஆகாதுடி."

"அப்படியா?"

"பின்னே? எங்கேயோ கிளம்பி, ஊர்ல இருக்கிற அத்தனை அடுக்களையிலயும் பூந்து வரது. மீன் வறுக்கிற ஆத்துக்கும் அதே குழாய். நம்ம சுவாமி நைவேத்தியத்துக்கும் அதே குழாயா?"

பாகீரதி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நல்லவேளை சொன்னேள். எனக்கு இந்த ஆசாரமெல்லாம் தோணவே இல்லையே! அப்போ கரி?"

"கரிக்கு என்ன?"

"கரி டிப்போவுல அந்த வடக்கத்திப் பையா செருப்புக் காலோட குவியல் மேல ஏறி நின்னுண்டுன்னா அள்ளிப் போடறான். அலம்பாம அடுப்புல போடலாமோ?"

ஆகாது என்றுதான் சுந்தரராமனால் சொல்ல முடிந்தது. போட்ட வேஷத்தைக் கலைக்க முடியுமா?

"ஆசாரம் தெரிஞ்சவா தொட்டாத்தான் மடி. நான் என்னத்தைக் கண்டேன்? சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் நீங்களே குளிச்சுட்டு, கரியை அலம்பிப் பத்தவெச்சுக் குடுத்துடுங்கோ. கனல் கண்டதும் ஒரு குரல் குடுங்கோ, நான் மாடியில ருக்குவாத்துல இருப்பேன். வந்து குளிச்சுட்டுச் சமைக்கறேன்."

அலம்பிய கரி எந்த ஜன்மத்தில் பற்றியது? ஈர வேஷ்டியோடு பால்கனியில் உட்கார்ந்து சுந்தரராமன் விசிறினார். புகை வந்தது. இருமல் வந்தது. தண்ணீர் வந்தது, கண்ணிலிருந்து. கனல் மட்டும் வரவில்லை. கீழே தெருவில் போனவர்கள் நின்று, ஏதோ ஹோமம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மாடியிலிருந்து சீட்டைக் கலைக்கும் சத்தமும், யாரோ ஜெயித்த சிரிப்பும் கேட்டன. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. புகைக்கு நடுவில் அது தெரியாமல் போனது ஒன்றுதான் ஆறுதல்.

பத்து நாள் தாங்கினார். பதினோராம் நாள் ஞானம் பிறந்தது.

"பாகீரதி, யோசிச்சுப் பார்த்தேன். அக்னிக்கு ஏதுடி தீட்டு? குழாயில வந்தா என்ன, கரியில வந்தா என்ன?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று பேனாவை நீட்டினாள். மை ஏற்கெனவே ஊற்றி வைத்திருந்தது.

அடுத்த மாதமே குழாய் வந்தது. அதுவரை கரியை அலம்ப வேண்டாமா என்று அவர் கேட்கவில்லை, அவளும் நினைவுபடுத்தவில்லை. ஆனாலும் அடுப்பை ஊதும் வேலை என்னவோ அவரிடமே தங்கிவிட்டது. கேஸ் அடுப்பைப் பற்றவைத்த அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேரே, காட்கோபர் பேச்சு எழுவதற்கு முன்னால், இரண்டிரண்டு படியாகத் தாவி மாடி ஏறினார்.

அவருடைய நாற்காலியில் பாகீரதி உட்கார்ந்திருந்தாள். கையில் சீட்டு, விசிறி மாதிரி விரிந்திருந்தது.

"வாரும் ஓய்!" என்றார் அனந்தகிருஷ்ணன். "நீர் வராம ஒரு கை குறைஞ்சுது. அன்னிலேர்ந்து இவாதான். ஒரு மாசமா உம்மைவிட நன்னா ஆடறா!"

"அப்போ நான்?" என்றார் சுந்தரராமன், ஈனக்குரலில்.

பாகீரதி சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடுப்புல பருப்பு வேகறது. கால் மணியில திருகி அணைச்சுடுங்கோ. குளிக்கவெல்லாம் வேண்டாம்."