பெரியப்பாவுக்கு எழுதிய ஒரு வரி

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். புசல்லாவைக்குப் போய், பெரியப்பா கையில் அக்காவின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் கண்டிக்குத் திரும்பிவிடுவது.

பேசத் தேவையில்லை என்றார்கள். அதனால்தான் ஒப்புக்கொண்டேன். நான் காலேஜ் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறப்பதைத் தவிர மற்றதெல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

முதலில் பத்திரிகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்டியில் அச்சடிக்கும் எல்லாப் பத்திரிகையிலும் அதே இரண்டு புறா, அதே ரோஜாப்பூ. அக்காவின் கல்யாணமும் அந்தப் புறாக்களுக்குக் கீழே நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு பத்திரிகையின் பின்பக்கத்திலும் அந்தந்த வீட்டாருக்கென்று ஒரு வரி என் கையாலேயே எழுதினேன்.

எப்போதும் பூசை முடியும் நேரத்தில் மாதா கோயிலுக்கு வரும் ரோசலின் டீச்சருக்கு, "பூசை தொடங்கும்போது வந்தால் பெண்ணையும் பார்க்கலாம்." மூலைக்கடை காசிம் நானாவுக்கு, "ஒரு நாள் கடையைப் பூட்டினால் கண்டி பட்டினி கிடந்துவிடாது."

வாயில் வராததெல்லாம் பேனாவில் நன்றாக வந்தது.

பெரியப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. போன வருஷம் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் மூன்று முறை கோபித்துக்கொண்டு வெளியே போனார். முதல் முறை, உட்கார நாற்காலி போடாமல் வாங்குப் பலகை போட்டதற்காக. வாங்கை எடுத்துவிட்டுக் கதிரை போட்டார்கள். அதற்குக் கை இல்லை என்று இரண்டாவது முறை. மூன்றாவது, அடுத்த வரிசைக்குச் சோறு முதலில் போனதற்காக. சமாதானம் பேசப் போன அப்பாவோடும் அன்றிலிருந்து பேச்சு இல்லை.

"அண்ணன் வராட்டியும் கல்யாணம் நடக்கும்," என்றார் அப்பா. "ஆனா தோட்டத்துச் சொந்தம் ஒருத்தரும் வராது. மாப்பிள வீட்டு ஆளுங்க முன்னால நான் ஒத்தையா நிக்கணும்."

அதனால்தான் அம்மாவையும் என்னையும் தூது அனுப்பினார். பெரியப்பாவின் பத்திரிகையில் நான் எழுதியிருந்தது இது: "போன கல்யாணத்தில் மூன்று முறை கோபித்துக்கொண்டு போனீர்கள். இம்முறை ஒரு முறை போதும். அதுவும் சாப்பிட்ட பிறகு."

பெரியப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. என் வீரமெல்லாம் அந்த ஒன்றை நம்பித்தான்.

போனோம். பெரியம்மா தேத்தண்ணி கொடுத்தார். பெரியப்பா முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு பத்திரிகையை வாங்கினார். நான் எழுந்துவிட்டேன். அம்மா எழவில்லை.

"சும்மா பத்திரிகை இல்ல அத்தான்," என்றார் அம்மா. "ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா எழுதியிருக்கா. ராத்திரி பகலா ஒக்காந்து எழுதினா."

மலையிலிருந்து முகம் திரும்பியது.

"எனக்குன்னு தனியாவா? என்ன எழுதியிருக்க? படி, கேப்போம்."

பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்குக் கண் இருண்டது. இருட்டிலேயே வாசித்தேன்.

"எங்கள் குடும்பத்தின் ஆலமரமான பெரியப்பா, தாங்கள் வந்து நின்றால்தான் எங்கள் பந்தலுக்கு நிழல்."

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தா, அடுப்பங்கரையில என்ன பண்ற? வந்து கேளு. நீ இன்னொருக்கா படிம்மா."

பெரியம்மா வந்தார். பின்னாலேயே பக்கத்து வீட்டார் ஐந்தாறு பேர் வந்தார்கள். அவ்வளவு கண்களைக் கண்டதும் எனக்கு நாக்குப் புரண்டது.

"எங்கள் குடும்பத்தின் வேப்பமரமான பெரியப்பா..."

"நில்லு. மொதல்ல ஆலமரம்னு படிச்சியே?"

"ரெண்டும் இருக்கு பெரியப்பா."

அவர் பத்திரிகையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இம்புட்டு சின்ன எடத்துல ரெண்டு மரமா?"

அப்போது பார்த்துத் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் குடையோடு அந்த வழியாகப் போக வேண்டுமா?

"மாஸ்டர், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. புள்ளைக்கு வெக்கமா இருக்கு. நீங்க சத்தமா படிங்க."

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் வாசிப்பது போலவே வாசித்தார். முற்றுப்புள்ளியில் நின்று, மூச்சு விட்டு, அடுத்த வாக்கியத்துக்குப் போனார். "அதுவும் சாப்பிட்ட பிறகு" என்பதை ஏனோ இரண்டு முறை வாசித்தார்.

பெரியப்பா பத்திரிகையை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"பஸ் வந்துரும். கெளம்புங்க."

பஸ் கம்பளை வரும் வரை அம்மா வாய் திறக்கவில்லை. கம்பளை தாண்டியதும் திறந்தார். அதை இங்கே எழுத முடியாது. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அக்கா மட்டும் கேட்டாள்: "நீ ஊமை மாதிரி இருக்கன்னு இத்தன நாளா கவலப்பட்டேனே, அப்படியே இருந்திருக்கக் கூடாதாடி?"

கல்யாணத்தன்று பூசை தொடங்கியும் தோட்டத்துச் சொந்தத்தில் ஒரு தலையும் தெரியவில்லை. அப்பா கோயில் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

பூசை பாதியில் ஒரு லொறி வந்து நின்றது. நாற்பது பேர் இறங்கினார்கள். கடைசியாக, கோட்டும் தலைப்பாகையுமாகப் பெரியப்பா. அவருக்குப் பின்னால் ஒருவர் தலையில் ஒரு கதிரை. இரண்டு கையும் உள்ள கதிரை.

எங்கள் வீட்டுப் பந்தலில் நடந்த விருந்தில் அதைப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த வரிசைக்குத்தான் முதலில் சோறு போனது. பார்த்தார். பேசாமல் இருந்தார். பாயாசம் வரை நிதானமாகச் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் கோவிச்சுக்கிட்டுப் போறேன்," என்றார், பந்தலுக்கே கேட்கும்படி.

அப்பா ஓடி வந்தார். "என்னண்ணே, என்ன கொற வச்சேன்?"

"ஒரு கொறையும் இல்லடா. ஒம் மக பத்திரிகையில அப்படித்தான் போட்டிருக்கா."

கோபித்துக்கொண்டு போனவர், கதிரையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ரோசலின் டீச்சர் பூசை முடிந்துதான் வந்தார். காசிம் நானா கடையைப் பூட்டவே இல்லை. நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்தவர் வாசிக்கத் தெரியாத பெரியப்பா ஒருவர்தான்.