மெத்தையை ஓடவிடாப் படலம்

வாழ்க ஊசி! வாழ்க நூல்! வாழ்க, அவ்விரண்டையும் அடக்கியாண்டு, அளவுநாடாவை வெற்றிமாலையாய்க் கழுத்திலும் சுண்ணக்கட்டியைத் திலகமெனக் காதோரத்திலும் தரித்து, எட்டுமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கத்தரிக்கோலோச்சிய தையற்கோமான்! அன்னவன் போர்க்களம் பாடப் புகுந்த எமக்கு, மூச்சு வாங்காமல் நெடுவாக்கியங்களை முடிக்கும் வல்லமை அருள்வாய், சோம்பலென்னும் தாயே! உன் மடியில் உறங்கியோர் கோடி. உனக்காகப் போர் புரிந்தவன் இவன் ஒருவனே. பெரியோர் பாடிய போர்களில் யானை உண்டு, குதிரை உண்டு, முரசு உண்டு. எம் போரில் உள்ளவை ஒரு விசிலும் ஒரு கேக் பெட்டியும்தான், கற்றோர் பொறுத்தருள்க.

தையற்கோமானின் திருவாய்ச் சிறப்பை முதலில் செப்புவோம். அவ்வாயில் எந்நேரமும் குண்டூசிகள் வரிசை கட்டி நிற்கும், கோட்டை வாயிலில் வேலேந்திய காவலரைப் போல. எவர் எதைச் சொன்னாலும், கொண்டவள் குறை சொன்னாலும், வாடிக்கையாளர் வசை சொன்னாலும், அக்காவலரைக் கடந்து வெளிப்படுவது 'ம்ம்' என்னும் ஒற்றை முழக்கமே. அதைச் சம்மதமென்று கொண்டோர் உண்டு. ஆறுதலென்று கொண்டு கண்ணீர் துடைத்துச் சென்றோரும் உண்டு. உண்மையில் அது ஊசியை விழுங்கிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு மட்டுமே.

அவனுக்கோர் ஆருயிர்த் தோழன். பள்ளிநாளில் பந்து வரும் திசைநோக்கிக் கண்ணை இறுக மூடிக்கொண்ட பெருந்தகை. ஓட்டப்பந்தயத்தில் வெடிச்சத்தம் கேட்டு ஊரே ஓட, தான் மட்டும் திடுக்கிட்டுத் தரையில் அமர்ந்த தவசீலன். அதனாலேயே 'மெத்தை' என்னும் விருதுப்பெயர் பெற்று, இன்று நகரத்து லிஃப்டுகளுக்கெல்லாம் வைத்தியனாய் விளங்குபவன். அன்னவனுக்குத் திருமணம் குறித்தாயிற்று. கல்யாணக் கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் அளவு கொடுக்க வந்த மெத்தை, கைகளை விரித்து நின்றபடியே, தன் வேலையின் பாடுகளையும், லிஃப்டுகளில் புதிதாய்ப் பொருத்திய கருவிகளையும், இன்னும் என்னென்னவோ எடுத்துரைத்தான். 'ம்ம்' என்றது குண்டூசிச் சேனை. கெண்டைக்காலின் சுற்றளவு போன ஆண்டைவிட ஏறியிருக்கக் கண்டு, திங்கிற வாயைக் கட்டச்சொல்லிக் கண்ணாலேயே கண்டித்தான் தையற்கோமான்.

கடைசியாக, நூலைக் கடித்து அறுக்கும் பொருட்டு ஊசிகளை வாயிலிருந்து இறக்கிய அந்த நற்பொழுதில்தான், மெத்தை தன் உள்ளக்கிடக்கையை வெளியிட்டான்.

"டேய், கல்யாணத்துக்கு முன்னாடி பார்ட்டி கீர்ட்டின்னு என்ன வேணா பண்ணு. என்னை மட்டும் ஓட விட்டுடாத. புண்ணியமாப் போகும்."

கேட்டான் வீரன், கண் சிவந்தான், கத்தரியைப் பற்றினான். கதிரவன் மேற்கே உதிக்கினும், கடல் வற்றிக் கைக்குட்டையாய் மடியினும், பொத்தானுக்கும் பொத்தான்துளைக்கும் உள்ள உறவே அற்றுப்போயினும், என் மெத்தையை எவனும் ஓடவைக்க விடேன் என்னும் வஞ்சினத்தை அண்டசராசரமும் நடுங்க மொழிந்தான். அவன் வாயிலிருந்து வந்த சொற்கள் "சரிடா, பாத்துக்கறேன்" என்பவை.

இனிப் பகைவன் திறம் பகர்வோம். அதே கட்டடத்தின் எட்டாம் மாடியில், இரும்புக் குண்டுகளிடையே இரும்புக் குண்டாய், தோளிரண்டும் வாசற்படியில் இடிபட, மார்பில் விசில் ஊசலாட வாழ்ந்தான் உடற்பயிற்சிக்கூடத்து மாஸ்டர். அவன் யாரோ எவனோ அல்லன், மணப்பெண்ணின் கூடப்பிறந்த அண்ணன், மெத்தைக்கு மச்சான். நல்லவன்தான். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிப்பது கடினம் என்பதை உலகம் அறியும். கல்யாணத்துக்கு முந்தைய விருந்தில் மாப்பிள்ளையை மகிழ்விக்க அவன் வகுத்த வியூகம் இது: விடியலில் மைதானத்தைச் சுற்றி ஓட்டம், அதன்பின் கயிறிழுப்பு, அதன்பின் கால்பந்து, அதன்பின் ஏரியை நீந்திக் கடப்பது, அதன்பின், இளைப்பாறுவதற்காக, மலையேற்றம்.

இருவருக்கும் நடுவராக அமர்ந்தவர் மெத்தையின் தாய்மாமன், பேக்கரி முதலாளி. யார் மனமும் கோணலாகாது என்னும் கொள்கையால் தராசுமுள்ளைத் தன் வாழ்நாளில் ஒருபக்கமும் சாயவிடாத சான்றோர். போர் பேசக் கூடிய அன்று, கையில் கேக் பெட்டியோடு உடற்பயிற்சிக்கூடத்து பெஞ்சில் அவர் எழுந்தருள, தொடங்கியது அமர்.

திரைப்படம் என்னும் அம்பை முதலில் எய்தான் தையற்கோமான். படம் பார்த்தபடியே உட்கார்ந்து எழலாம் என்று அதை மார்பில் ஏந்தினான் மாஸ்டர். சீட்டாட்டம் என்னும் ஈட்டியை எறிந்தான். தோற்றவன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தண்டால் எடுக்கலாம் என்று அதை இரண்டாய் முறித்தான். தூண்டில் போட்டு மீன்பிடித்தல் என்னும் வேலாயுதத்தை ஓங்கினான். தூண்டில் எதற்கு, குதித்தே பிடிக்கலாம் என்று கைதட்டினான். கடைசி ஆயுதமாய், வெறுமனே சாப்பிடலாமே என்று தையற்கோமான் தழுதழுக்க, யார் அதிகம் சாப்பிடுகிறார் என்று போட்டி வைக்கலாம் என்று மகிழ்ந்தான் மாஸ்டர். ஒவ்வொரு மோதலின் முடிவிலும் தீர்ப்புக்காக இருவரும் திரும்ப, நீதியின் திருவுரு ஒரே வாக்கை அருளியது.

"ரெண்டுமே நல்லாத்தான்பா இருக்கு."

அப்போதுதான் மாஸ்டர் விளையாட்டாய் ஒரு சொல் சொன்னான். "என் தங்கச்சியக் கட்டிக்கப் போறவரு ஒரு ரவுண்டுகூட ஓட மாட்டாரா மாமா?" சொன்னவன் சிரித்தான், மாமாவும் சிரித்துவைத்தார். தையற்கோமானோ இரு பக்கமும் அளந்துபார்த்தான். ஓடினால் மெத்தை விழுவான். விழுந்தால் பெண்வீட்டார் பேரன் பேத்தி எடுக்கும்வரை அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஓடவில்லையென்றால், ஓடாதவன் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பள்ளி மைதானத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன முகம் அவன் கண்முன் வந்தது. அன்று சுற்றி நின்று சிரித்த கூட்டத்தில் சிரிக்காதவன் இவன் மட்டுமே, அதனால்தான் அவர்கள் நண்பர்கள்.

மைதானத்தை நேரில் பார்த்தால் மனம் மாறும் என்று மாஸ்டர் அழைக்க, மூவரும் லிஃப்டில் ஏறினர். கதவு மூடியது. இரும்புப் பேழை இறங்கலாயிற்று. ஓடுவதுதானே பிடிக்காது, குதிக்கலாமே, துள்ளுமெத்தை வைத்து ஆளுக்கு நூறு குதி குதித்தால் எவ்வளவு இன்பம் என்று வியந்த மாஸ்டர், அவ்வின்பத்தை விளக்கிக்காட்டும் பொருட்டு, மலை எழும்பி விழுந்தாற்போல் அங்கேயே ஒரு குதி குதித்தான். பேழை அலறியது. உலுக்கியது. நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் இடையே, இனி ஓரடியும் நகரேன் என்று மெத்தையைப் போலவே உட்கார்ந்துவிட்டது.

அஞ்சா நெஞ்சன் தையற்கோமான் அபாயப் பொத்தானை அழுத்தினான். எங்கோ மணி ஒலித்தது, பிறகு ஓய்ந்தது. மெத்தை பார்த்துக்கொள்ளும் கட்டடம்தான் இது, எப்படியும் வந்துவிடுவான் என்று மற்ற இருவரையும் தேற்றினான். பொத்தான் மணியடிப்பதோடு நிற்காது, மெக்கானிக்கின் போனோடு பேச்சையும் இணைத்துவிடும் என்பதையோ, போன மாதம்தான் அந்தக் கருவி பொருத்தப்பட்டது என்பதையோ அவன் அறிந்திலன். அளவெடுத்த அன்று மெத்தை அதைப் பாகம் பாகமாக விளக்கியிருந்தான். 'ம்ம்' என்று கேட்டதோடு சரி.

ஆகவே, யாரும் கேட்கவில்லை என்னும் துணிவில், மூண்டது பெரும்போர். மெத்தைக்கு மூச்சு வாங்கும் என்றான் தையற்கோமான். வாங்கினால் நல்லது என்றான் மாஸ்டர். பந்தைக் கண்டால் அவன் கண்ணை மூடுவான் என்றான். அப்படியானால் கோல்கீப்பராக நிறுத்தலாம், கண்ணைத் திறந்தாலும் தடுக்கப்போவதில்லை என்றான். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த கதை, மாடுமேய்க்கக் கூட நடக்கமாட்டான் என்று வாத்தியார் திட்டிய கதை, இடுப்பளவு, தொடையளவு, கெண்டைக்கால் அளவு ஆகிய அனைத்தையும் நண்பனைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அவையேற்றினான் தையற்கோமான். கோலெடுத்து அடிக்காத குறைதான். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று தோழனின் மானத்தைத் துணிதுணியாய் வெட்டினான். மாமா தரையில் அமர்ந்து கேக் பெட்டியைத் திறந்தார். இரண்டுமே நன்றாகத்தான் இருப்பதாக வாய் நிறையக் கேக்கோடு கூறினார்.

புழுக்கம் ஏறியது. விசிலொலி செவியைத் துளைத்தது. பேச்சு ஓயும்போதெல்லாம் மாஸ்டர் அதை ஊதினான். கடைசியில், அந்தோ, மலை குலைந்தாலும் நிலை குலையாத தையற்கோமானின் நா தளர்ந்தது. கத்தரி மேல் செய்த ஆணையை மறந்தது. சோம்பல்தாய் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவன் வாய் குழறியது.

"சரி மாஸ்டர். மெதுவா ஓடினா பரவாயில்லைன்னு..."

அக்கணம், பொத்தான்களின் மேலிருந்த சின்னச் சல்லடைத் துளைகளிலிருந்து, விண்ணவர் வாக்கைப்போல, ஆனால் மூக்கடைத்த குரலில், ஓர் அசரீரி எழுந்தது.

"மெதுவாவும் ஓட மாட்டேன்டா."

கேக் மாமாவின் தொண்டையில் நின்றது. விசில் மாஸ்டரின் உதட்டிலிருந்து நழுவியது. தையற்கோமான் அளவுநாடாவை இரு கைகளாலும் பற்றிக்கொண்டான், தூக்குப்போட்டுக்கொள்பவனைப் போல.

"டேய்... நீ எப்பலேர்ந்துடா கேக்கறே?"

"நீ பொத்தானை அமுக்குனதுலேர்ந்து. ஹலோ ஹலோன்னு கத்துறேன், விசில் ஊதுறீங்க. மாமா, மிச்சம் கேக்கு இருக்கா? இப்பத்தான் கீழ வந்து சேர்ந்தேன். எல்லாரும் அப்படியே நில்லுங்க. மச்சான், தயவுசெஞ்சு குதிக்காதீங்க."

பிறகு அக்குரல் அடங்கியது. துளைகள் வழியே ஒரு காலடியோசை மட்டும் வந்தது. படிக்கட்டில் ஏறும் ஓசை. தடுமாறாமல், நிற்காமல், ஒரே தாளத்தில் மேலே மேலே. லிஃப்டுக்குள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மொட்டைமாடியின் இயந்திர அறையில் ஏதோ கிரீச்சிட்டது; பேழை மெல்ல அசைந்து, நான்காம் மாடிக்கு நேராக வந்து நின்றது. மறுபடியும் காலடி, இம்முறை கீழ்நோக்கி. சாவி திரும்பியது. கதவு பிளந்தது. அங்கே, கருவிப்பையைத் தோளில் மாட்டி, கிரீசுக் கையோடு, மெத்தை நின்றான். நெற்றியில் வியர்வை இருந்தது, மூச்சு வாங்கவில்லை.

மாஸ்டரின் தொழிற்கண் முதலில் அதைத்தான் கண்டது.

"மாப்ள, எப்படி வந்தீங்க?"

"படியிலதான் மச்சான். லிஃப்டுதான் நின்னுபோச்சே."

"கீழேர்ந்து மொட்டமாடி வரைக்குமா?"

"காலைலேர்ந்து இது நாலாவது கட்டடம். ஓடுற லிஃப்டுக்கு யாரு மச்சான் மெக்கானிக்கைக் கூப்பிடுவா?"

மாஸ்டர் குனிந்தான். பேழையின் வாசலில், பக்தன் பாதம் பற்றுவதைப் போல், மாப்பிள்ளையின் கெண்டைக்காலைப் பற்றி அழுத்திப்பார்த்தான். அழுத்திய கட்டைவிரல் உள்ளே போகவில்லை. தன் கூடத்தில் இரும்பு தூக்கும் எவனுக்கும் இல்லாத கால் அது என்பதை உணர்ந்து, நிமிர்ந்து, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டான். பகைவனின் வில் முறிந்தது. ஆயினும் முழங்குவார் இல்லை, முரசு இல்லை.

ஆண்டுதோறும் அந்தக் கெண்டைக்காலுக்கு இடம் விட்டுத் தைத்த கை, கொழுப்பென்று கணக்கிட்ட கை, தையற்கோமானின் கை. அவன் அந்தக் காலைப் பார்த்தபடியே கேட்டான்.

"தினமுமாடா ஏறி இறங்குற? எங்கிட்ட சொல்லவே இல்லையேடா."

"சொன்னேன். ஒவ்வொரு வாட்டியும் சொன்னேன். ஊசிய வாயில வெச்சுக்கிட்டு நீ ம்ம் ம்ம்னே." மெத்தை கோபப்படவில்லை, கருவிப்பையைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான். "கால் வலிக்குதுடா. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா உக்காரணும். அவ்ளோதான் கேட்டேன்."

இதைக் கேட்ட தையற்கோமானுக்கு அழுகை வந்தது. காவிய நாயகர்கள் அழலாமா என்று கேட்போர், உற்ற நண்பன் இத்தனை ஆண்டு சொன்னதைக் காதில் வாங்காமல் இருந்து பார்க்கட்டும். அவன் ஆணை பொய்த்தது, கத்தரி தோற்றது, தோழனைக் காத்தது தோழனின் காலே. தராசுமுள் சாயாத சான்றோராகிய மாமா எழுந்தார். சட்டையிலிருந்த கேக்துகளைத் தட்டினார். தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பக்கம் சாய்ந்து, திசையெட்டும் அதிரத் தீர்ப்பு மொழிந்தார்.

"உக்காரட்டும்பா."

மாஸ்டர் தலைவணங்கினான். உட்காருவதை எப்படிச் செய்வது என்று தனக்குச் சரியாகத் தெரியாது, கற்றுக்கொள்வதாகச் சொன்னான். நால்வரும் படிவழியே இறங்கினர். மெத்தை முன்னே செல்ல, மற்ற மூவருக்கும் மூச்சு வாங்கியது.

அதன்பின், போரோய்ந்த புவியில் பொழுது புலர்ந்து, பறவைகள் பண்பாடி, வெற்றித்திருமகள் எவர் தோளில் அமர்வதென்று எண்ணிச் சலித்து அவளும் ஓரமாய் அமர்ந்துகொள்ள, பந்தின்றி, கயிறின்றி, ஏரியின்றி, மலையின்றி, ஊசியொன்றும் வாயிலின்றித் தையற்கோமான் செவிகொடுத்துக் காத்திருக்க, மாஸ்டர் கைகட்டி நாற்காலியில் நெளிய, மாமா கேக்கை நாலாய் வகுக்க, மாப்பிள்ளைத் தோழர் பெருவிருந்து மெத்தையின் வீட்டு சோபாவைச் சுற்றி மாட்சியோடு தொடங்கிற்று.

கேக் வெட்டுவதற்குள் மெத்தை தூங்கிவிட்டான்.