பன்னெண்டு நாப்பது லாரி

காலேஜில் புள்ளியியல் சொல்லித்தரும் மாப்பிள்ளை அருள்செல்வன் அவர்களுக்கு, ராயபுரத்திலிருந்து உங்கக்கா பொன்னாத்தாளின் புருசன் குமாரசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கக்காளும் தையல் மிசினுகளும் சவுக்கியம். அங்கே நீங்களும் உங்க தலையில மிச்சமிருக்கிற முடியும் நலந்தானுங்களே?

எட்டாவது தாண்டாத ஆள் கடுதாசி எழுதறானேன்னு சிரிக்காதீங்க. போன்ல நன்றி சொன்னா 'சரி சரி'ன்னு வெச்சிருவீங்க. எழுதினா படிச்சுத்தான ஆகோணும்.

சாயப்பட்டறையில இருந்து நம்ம தையல் யூனிட்டுக்குத் துணி லாரி பத்துக்கும் ரெண்டுக்கும் நடுவுல எப்ப வேணா வரும்னு பொலம்பினனல்லங்க. டெய்லருங்களைப் பத்துக்கே வரச்சொன்னா சும்மா உக்காந்திருக்காங்க. பீஸ் ரேட்டுல தைக்கறவங்களுக்குத் துணியில்லாட்டிக் கூலியேது? ரெண்டுக்கு வரச்சொன்னா தைச்சு முடியறதில்லை. ராமுத்தாயி மூஞ்சிக்கு நேரா கேட்டுருச்சு: "ஏண்ணே, நாங்க தைக்க வந்தமா, லாரிக்கு வழிபாக்க வந்தமா? பக்கத்துக் கம்பெனியில கூப்புடுறாக." எல்லாரும் போயிட்டா யூனிட்டுல மிச்சம் நானும் டேபிள் பேனுந்தான்.

அப்பத்தான் நீங்க, "எந்நேரத்துல ஜாஸ்தி வருதுங்க மச்சான்?"னு கேட்டீங்க. பத்துக்கு அபூர்வம், வெயில் ஏற ஏற ஜாஸ்தி, ஒரு மணிக்கு உச்சம், அப்புறம் பொசுக்குன்னு கொறைஞ்சு ரெண்டுக்கு மேல இல்லவே இல்லைன்னேன். ஒரு பக்கம் சரிஞ்ச மலைக்கரடு மாதிரி படம் வரைஞ்சு அனுப்பி, உசரமான எடத்துல வாய்ப்பு ஜாஸ்தி, மொத்தப் பரப்பு ஒண்ணு, நேரத்தை உசரத்தால பெருக்கி, தொகையீடுன்னு ஒரு தொரட்டிக் கோடு போட்டு இழுத்தா 'எதிர்பார்ப்பு மதிப்பு' வரும்னீங்க. எனக்குத் தொரட்டியில முருங்கைக்காய்தானுங்க வரும். அது தெரிஞ்சு, "அட்டையில வெட்டி நிறுத்துங்க, சாயாம நிக்கற எடந்தான் விடை"ன்னு எறங்கி வந்து சொன்னீங்களே, அதுக்கே ஒரு கும்புடு.

படத்தைப் பிரிண்ட் எடுத்து கட்டிங் டேபிள்ல வெச்சுட்டு டீக்குப் போனனுங்க. கட்டிங் மாஸ்டர் வீரணன் கண்ணுக்குக் கரடு டீசர்ட்டோட கை மாதிரி தெரிஞ்சிருக்கு. அடியில பத்து, பதினொண்ணுன்னு போட்டிருந்த மணியெல்லாம் கொழந்தைக வயசு சைஸுன்னு நெனைச்சு, அட்டையில வெட்டி, மூலையில கெடந்த துணியை அடுக்கிப் போட்டு வெட்டித் தள்ளிட்டாரு. நான் வந்ததும், "எல்லாம் சரிண்ணே, பன்னெண்டு வயசுக்கு அப்புறம் எதுக்கு ஒரு வயசு?"ங்கறாரு.

"அது வயசில்லைங்க மாஸ்டர், லாரி!"

"லாரிக்கா டீசர்ட்டு?"

துணி போனாப் போகுதுங்க, அட்டையைச் சுத்தமா வெட்டியிருந்தாரு. ஸ்கேல் வெளிம்புல நிறுத்தி நகத்தி நகத்திப் பாத்தோம். உச்சம் அங்கதானன்னு ஒரு மணியில நிறுத்தினேன். காலை நேரப் பக்கமா சாஞ்சிருச்சு. பன்னெண்டு நாப்பதுல அசையாம நின்னுச்சு! போன் போட்டா, "உச்சம் வேற, இது வேறங்க மச்சான். காலைப் பக்கத்து வாலு சின்னதுதான், ஆனா தூரத்துல இருந்து இழுக்குது"ன்னு சிரிச்சீங்க.

அன்னியில இருந்து டெய்லருங்க வர்ற நேரம் பன்னெண்டு நாப்பது. லாரி ஒருநாளும் டாண்ணு அதே நேரத்துக்கு வரலை. "எங்கண்ணே உங்க பன்னெண்டு நாப்பது?"ன்னு ராமுத்தாயி கிண்டல் வேற. சிலநாள் துணி அவங்களுக்குக் காத்திருக்கு, சிலநாள் அவங்க துணிக்கு. கூட்டிக் கழிச்சாச் சரியாப் போகுது. ஊட்டு வேலையை முடிச்சுட்டு வர்றதால அவங்களுக்கும் சந்தோசம். ஒருத்தரும் போகலைங்க மாப்பிள்ளை. மிசின் ஓடற சத்தம் கேக்கறப்பல்லாம் உங்க பேரைத்தான் சொல்லிக்கறோம்.

சிவன்மலை முருகன் உங்களுக்கு நெறைஞ்ச ஆயுசும், கேள்வி கேக்காத மாணவர்களும் குடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்க கணக்கால பொழைச்ச
குமாரசாமி

பின்குறிப்பு: கவர் ஒட்டறப்ப லாரி டிரைவர் சுடலை வந்தாரு. "துணி எறக்க ஆளு இருக்கணும்லா, இனி நானும் தெனம் பன்னெண்டு நாப்பதுக்கே வந்துருதேன்"னாரு. "அப்படி வர முடியுமுங்களா?"ன்னு வாயப் பொளந்தேன். "முடியாம என்ன? நீங்கதான் ஒருநாளும் நேரம் சொல்லலியே, அண்ணாச்சி!"