க்யூ-யூ-ஓவும் கருப்பாயியின் எருமையும்

எனக்கு ரத்தக் கொதிப்பு வரக் காரணம் உப்பு என்கிறார் மருத்துவர். இல்லை, டைப்பிஸ்ட் க்யூ-யூ-ஓ. பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் அலுவலக நடைமுறையை அவரைப் போல வதைத்தவர் எவருமில்லை.

க்யூ, யூ, ஓ என்ற மூன்று எழுத்துகளும் அடுத்தடுத்து வரும் ஆங்கிலச் சொல் என்றால் அவருக்கு உயிர். அது செத்துப்போன சொல்லாக இருந்தால் இன்னும் விசேஷம். குவோத் என்றால் ‘சொன்னான்’, குவொண்டம் என்றால் ‘முன்னாள்’, குவாப் என்றால் ‘நெஞ்சு துடிப்பது’. இங்கிலாந்துக்காரர்கள் புதைத்ததையெல்லாம் தோண்டி எடுத்து எங்கள் கோப்புகளில் உட்காரவைப்பார். தமிழருக்கும் மலையாளிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே எழுதியதால் தப்பிக்க வழியில்லை. மற்ற அலுவலகங்களில் டைப்ரைட்டரில் ‘ஈ’ தேயும். எங்களுடையதில் ‘க்யூ’ தேய்ந்திருந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள், மீனாட்சிபுரத்துக் கருப்பாயி அழுதுகொண்டு வந்தாள். யாரோ ஒருவருடைய வயலில் மேய்ந்த அவளுடைய கறவை எருமையைப் பிடித்துப் பஞ்சாயத்துப் பட்டியில் அடைத்துவிட்டார்கள்.

“ஏனுங்க சாமி, ஊட்டுல கன்னு நேத்திருந்து கத்திக்கிட்டே கெடக்குதுங்க. இன்னைக்கும் பாலில்லீன்னா பொழைக்காதுங்க!”

எருமையை விடுவிக்க எங்கள் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவரோ எந்த மனுவையும் சிவப்பு மையில் ஆட்சேபம் எழுதாமல் விட்டதில்லை. குமாஸ்தாவான நான் விதி பிசகாமல் அவளுக்காகக் கையால் எழுதிய மனு திரும்பி வந்தது: ‘எருமையின் நிறம் குறிப்பிடப்படவில்லை.’ கறுப்பு என்று சேர்த்தேன். மறுபடி வந்தது: ‘முழுக் கறுப்பா? டைப் அடித்துத் தரவும்.’

நாலு மணி பஸ்ஸுக்கு அதிகாரி கிளம்பிவிடுவார். மூன்றாவது மனுவை க்யூ-யூ-ஓவிடம் கொடுத்து, “ஒரு எழுத்தும் மாத்தாதீங்க” என்று கெஞ்சினேன்.

அடித்து முடித்துக் கொடுத்தார். அதில் கருப்பாயி ‘குவோத்’தினாள், கன்றின் நெஞ்சு ‘குவாப்’பியது.

“அங்கே கன்னு சாகக் கெடக்கு. உங்களுக்கு விளையாட்டா?”

“வெளையாட்டுங்களா? அந்தத் துடிப்புக்கு வேற வார்த்தையே கெடையாதுங்க சார்!”

வேறு அடிக்க நேரமில்லை. கொண்டுபோய் நீட்டினேன்.

அதிகாரி படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். சிவப்புப் பேனா அந்தரத்தில் நின்றது. ஆட்சேபம் எழுதினால் அர்த்தம் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவரோ தம் ஆங்கிலத்தைப் பற்றித் தினமும் பெருமை பேசுகிறவர். என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

‘மனு தெளிவாக உள்ளது. விடுவிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பட்டி திறந்ததும் வீட்டுக்குப் பாய்ந்த எருமைக்குப் பின்னால் கருப்பாயி ஓட, அவளுக்குப் பின்னால் நாங்கள் இருவரும் ஓடினோம். கன்று தள்ளாடி எழுந்து மடியை முட்டியது. க்யூ-யூ-ஓ வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது, அதுவரை ஒருவரும் கேட்காததை நான் கேட்டேன். “வேற என்னென்ன வார்த்தை வச்சிருக்கீங்க?”

வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். குறுக்குவழி வந்தது. பார்க்காதவன் போல அதைத் தாண்டிச் சுற்றுவழியிலேயே நடந்தேன்.