சோற்றுக் கோபுரத்தின் நுனி

தெமாங்குங்,
திங்கட்கிழமை காலை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மூர்த்தினா அக்காவுக்கு, தம்பி வார்சித்தோ ஸலாம் கூறி எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே நான் நலம், இடது முழங்காலைத் தவிர. அங்கே லம்புங்கில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் மிளகுக் கொடிகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அக்கா, நான் ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தைத் திறந்தவனைச் சனிக்கிழமை கழுத்தில் மாலை போட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். காவலாளி வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். என் மனைவி யாத்மி கண்ணை மூடியதிலிருந்து ஒன்பது வருஷமாக "தனியா கிடந்து என்னடா பண்ற, இங்க வந்துடு" என்று நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் பிடி கொடுக்காமல் இருந்தேன். இப்போது வருகிறேன். பதினாலாம் தேதிப் பேருந்துக்குச் சீட்டு எடுத்தாயிற்று, பின் அறையை ஒழித்து வையுங்கள். ஏன் இந்தத் திடீர் ஞானோதயம் என்று கேட்பீர்கள். சொல்லாமல் வந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் எழுதியே தொலைக்கிறேன்.

ஒன்றாம் வகுப்பு லாஸ்மினி டீச்சரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யாத்மி இறந்தபோது வந்து ஏழு நாளும் அடுப்படியில் நின்றார்களே, அவர்கள்தான். கணவரை இழந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர்கள். ஆசிரியர்களுக்கு அறுபது, என்னைப் போன்றவர்களுக்கு ஐம்பத்தெட்டு என்று அரசாங்கம் வைத்த கணக்கில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு. அவர்களுக்கும் எனக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், கொடிக் கதை.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமைக் கொடியேற்றத்துக்குக் கல்வி அதிகாரி வந்திருந்தார். கயிற்றில் கொடியைக் கட்டி வைப்பது என் வேலை. முந்தின நாள் யாத்மிக்குக் காய்ச்சல், எனக்குத் தூக்கம் இல்லை. பிள்ளைகள் மூன்று பேர் விறைப்பாக நடந்து போய்க் கொடியை விரித்தால், ஐயோ, வெள்ளை மேலே, சிவப்பு கீழே! இது தப்பு என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். என் வேலை போச்சு என்று நான் கல்லாய் நிற்கிறேன், அதிகாரி தலையைத் தூக்கப் போகிறார். அந்த நேரம் பார்த்து லாஸ்மினி டீச்சர் தடாலென்று மயங்கி விழுந்தார்கள். அதிகாரி ஓடினார், தொப்பியால் விசிறினார், மொத்தப் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம் திரும்பியது. நான் கொடியைத் திருப்பிக் கட்டினேன். கடவுளாகப் பார்த்து அனுப்பிய மயக்கம் என்று நினைத்தேன். பாவம், இந்த அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கொடியேற்றத்துக்கு முன்னால் சர்க்கரை தூக்கலாக ஒரு கிளாஸ் டீ அவர்கள் வகுப்பு ஜன்னலில் வைக்க ஆரம்பித்தேன். யாத்மி இருந்தவரை அவளே கலந்து கொடுப்பாள். "அந்தம்மாவுக்கு ரத்தம் கம்மி, இன்னொரு கரண்டி போட்டுக்கங்க" என்பாள். அவளுக்குப் பிறகு நானே கலந்தேன். அதற்கப்புறம் டீச்சர் ஒரு நாள்கூட மயங்கவில்லை, எல்லாம் என் டீயின் மகிமை என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

சனிக்கிழமை விழாவில் டீச்சர் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார்கள். "முப்பத்தஞ்சு வருஷமா பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தேன். நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன், அதைச் சொல்லிட்டுப் போயிடறேன்" என்றார்கள். "அன்னைக்கு நான் மயங்கவே இல்ல. கொடியை மாத்திக் கட்ட வார்சித்தோவுக்கு நேரம் வேணுமேன்னு விழுந்தேன். அடுத்த வாரம் பார்த்தா ஜன்னல்ல டீ. எனக்குச் சர்க்கரை போட்ட டீ பிடிக்கவே பிடிக்காது. வேணாம்னா ஏன்னு கேப்பாரு, உண்மையைச் சொல்லணும். அதனால குடிச்சேன். இருபத்தாறு வருஷம் குடிச்சேன். இப்ப லீவு விட்டா அந்த டீ இல்லாம ஒரு மாதிரியா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள், அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷி எனக்காக மண்ணில் விழுந்திருக்கிறாள், நான் அவளுக்குப் பிடிக்காததை வாராவாரம் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த நிலைமையில்தான் என் கையில் கத்தியைக் கொடுத்து மஞ்சள் சோற்றுக் கோபுரத்தை வெட்டச் சொன்னார்கள். நுனி சபையில் பெரியவருக்குத்தான் போக வேண்டும், இதைப் போய் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா. தலைமையாசிரியர் ஹர்யோனோ சார் தட்டை நீட்டிக்கொண்டு, புகைப்படத்துக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். நான் நுனியை வெட்டினேன், திரும்பினேன், லாஸ்மினி டீச்சர் தட்டில் வைத்தேன்.

அப்புறம் வாத்தியார்கள் எல்லோரும் சேர்ந்து, வாலிபப் பசங்களைக் கேலி செய்வதுபோல, "சியே… சியே…" என்று இழுத்தார்கள். "ஏன் வார்சித்தோ, எனக்குச் சோத்தைச் சுத்தி வச்ச அவிச்ச முட்டைதானா?" என்று ஹர்யோனோ சார் வெறும் தட்டைப் பார்த்துக் கேட்டார். சூடான சோற்று ஆவி கண்ணாடியில் படிந்துவிட்டது, எந்தத் தட்டு யாருடையது என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, துடைப்பம் வைக்கும் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். கூட்டம் கலையும்வரை வெளியே வரவில்லை.

இந்த வயதில் எனக்கு மானம் போனது போகட்டும். அந்த அம்மாவின் பேர் கெடக் கூடாது. இங்கேயே இருந்தால் கடைத்தெருவில் பார்ப்போம், பார்த்தால் ஊர் சிரிக்கும். அதனால்தான் லம்புங். இன்றைக்குத் திங்கட்கிழமை, விடிந்ததும் கை தானாகக் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டது, அப்புறம் இறக்கி வைத்தேன். போகப் போகச் சரியாகிவிடும்.

அத்தானுக்கு என் மரியாதை, பிள்ளைகளுக்கு ஆசி. நீங்கள் நீண்ட ஆயுளோடு என்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் என் துஆ.

இப்படிக்கு,
பதினாலாம் தேதி தவறாமல் வந்து சேரும் தம்பி,
வார்சித்தோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் லாஸ்மினி டீச்சர் வந்துவிட்டார்கள். வாசலிலேயே நின்றுகொண்டு, "லம்புங் போறீங்களாமே?" என்றார்கள்.

"அக்கா கூப்பிடறாங்க, டீச்சர்."

"கண்ணாடில ஆவி படிஞ்சுடுச்சுன்னு சொல்லிட்டுத் திரியறீங்களாமே?"

"ஆமா, டீச்சர். ஒண்ணுமே தெரியல."

கைப்பேசியைத் திறந்து அந்தப் புகைப்படத்தைக் காட்டினார்கள். அதில் என் கண்ணாடி என் சட்டைப் பையில் இருக்கிறது, அக்கா. நான் எதையும் போடாத வெறும் கண்ணால் அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எந்தத் தட்டு என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. விழாவுக்கு முன்பே மூன்று நாளாக மனசுக்குள் வெட்டிப் பார்த்த நுனிதானே அது.

"போறதுன்னா போங்க, நான் தடுக்கல" என்றார்கள். "போகலைன்னா, உங்க வீட்டுப் பெரியவங்களை என் வீட்டுக்கு அனுப்பி முறையாக் கேக்கச் சொல்லுங்க. நான் ரெண்டு வயசு பெரியவ, உங்க அக்கா என்ன சொல்வாங்களோன்னுதான் பயமா இருக்கு."

ஆகவே மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். சீட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். அம்மா அப்பா இல்லாத எனக்குப் பெண் கேட்டுவர உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஐம்பத்தெட்டு வயதில் தம்பி இப்படி எழுதுகிறானே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், அக்கா. ஆனால் இங்கே வந்து சிரியுங்கள்.